கெடாத கை

பத்மாசினிக்கு வேலை உத்தரவு வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். வினையே அதுதான். யாராவது ஒருத்தர் கூடாது என்று கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். கணவனின் அண்ணன் துளசிராம் உத்தரவைக் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். கணவன் ராஜாராம் தெருமுனைக் கடையில் மிக்சர் வாங்கி வந்தான். அந்த மிக்சரைத் தின்றுகொண்டே, அவள் எப்படிப் போக முடியாது என்பதை எல்லோருமாகச் சேர்ந்து அன்பாக யோசிக்க ஆரம்பித்தார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம், மே மாதம் நடுவாக்கில். கல்யாணத்துக்கு முன்பே தையல் பயிற்சி முடித்து எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்தவள் அவள். வருஷா வருஷம் கார்டைப் புதுப்பிப்பதும் வருஷா வருஷம் ஒன்றும் வராததுமாகப் பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று. இப்போது திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை. வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஜூன் ஐந்தாம் தேதிக்குள் சேர வேண்டும், சேராவிட்டால் உத்தரவு செல்லாது என்று தெளிவாக டைப் அடித்திருந்தார்கள்.

போக முடியாததற்குக் காரணம் புளிக்காய்ச்சல். சிரிக்க வேண்டாம். துளசிராமின் சாயப்பட்டறை படுத்த பிறகு அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது அதுதான். பத்மாசினி கிண்டி இறக்கிய புளிக்காய்ச்சல் பாட்டிலில் ஆறு மாசம் கிடந்தாலும் ஒரு பொட்டு பூசணம் பூக்காது. ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டாம், கெடாமல் இருக்கக் கடைக்காரர்கள் கலக்கிற வெள்ளைப் பொடி வேண்டாம். அந்தப் பொடிக்கு ஊரில் மருந்து என்று பேர். 'பத்மா புளிக்காய்ச்சல், மருந்து சேராதது' என்று துளசிராம் லேபிளே அடித்துவிட்டார். டவுனிலிருந்து யாத்திரை கூட்டிப் போகும் அனந்தராமன், ஆனி மாசம் காசிக்குப் போகிற கோஷ்டிக்காக இருநூறு பாட்டில் சொல்லியிருந்தார். நாற்பது நாள் ரயிலிலும் சத்திரத்திலும் கெடாமல் இருக்க வேண்டும், மருந்து நாக்கில் படக்கூடாது, பத்மாசினி கைப்படச் செய்ததாக இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை.

மூன்றாவது நிபந்தனைக்குப் பின்னால் ஒரு சொல் இருந்தது, கைராசி. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனாலும் இந்த ஒரு சொல் மட்டும் தமிழிலேயே உள்ளே வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மற்ற பேச்சையும் மதுரைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், எந்த பாஷையில் பேசினாலும் மாட்டிக்கொள்கிறவள் மாட்டிக்கொள்ளத்தான் போகிறாள். பத்மாசினிக்குக் கைராசி, அதனால்தான் அவள் தொட்டது கெடுவதில்லை என்று வீடு சொன்னது, தெரு சொன்னது, ஒருதடவை பாட்டில் வாங்கிப்போன அவனியாபுரத்துக்காரர்களும் சொன்னார்கள்.

அவளுக்கு அல்லவா தெரியும். கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை. கல்லுப்பை வெடிப்பு அடங்கும்வரை வறுத்துப் போடுகிறாள். புளியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவைக்கிறாள். பருப்பு எதுவும் போடுவதில்லை, சோறு கிளறும்போது தாளித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள். நல்லெண்ணெய் மேலே மிதந்து, ஒரு சொட்டைத் தட்டில் விட்டால் சுற்றிலும் நீர் கசியாத வரைக்கும் கிண்டுகிறாள். பாட்டிலை வேகவைத்து வெயிலில் கவிழ்த்துக் காயவைக்கிறாள், நன்றாக ஆறவிட்டு ஊற்றுகிறாள், மேலே விரற்கடை எண்ணெய் நிற்க விடுகிறாள். இதை அவள் கேட்டவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல, "என்ன அடக்கம் பாருங்க" என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள்.

கைராசி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாசியில் புதுப்புளி வந்தால் ஆடி வரைக்கும் அடுப்பை விட்டு நகர முடியாது. பதினோரு வருஷத்தில் அவள் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்ததில்லை. தம்பி கல்யாணத்துக்குத் தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பினாள். காய்ச்சலாகப் படுத்தால் ராஜாராம் கஞ்சி வைத்துக் கொடுப்பான், துளசிராம் தானே போய் மாத்திரை வாங்கி வருவார், இரண்டு பேரும் எப்போது எழுந்திருப்பாள் என்று வாசலில் நின்று பார்ப்பார்கள். ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பொறாமை.

அதே வீட்டில் துளசிராமின் மனைவி ராதாமணி இருந்தாள். அவள் கைராசி இல்லாதவள். வளைகாப்பில் முதல் வளையலுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள், ஊறுகாய் ஜாடிப் பக்கம் விட மாட்டார்கள். அவள் பாத்திரம் விளக்குவாள், கீரை ஆய்வாள், மத்தியானம் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு மேட்னி ஷோவுக்குப் போய்வருவாள். பாவம், ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று எல்லோரும் அவளுக்காக இரக்கப்பட்டார்கள். பத்மாசினியும்தான்.

மிக்சர் தீர்ந்ததும் துளசிராம் கையைத் தட்டிக்கொண்டு, "போம்மா. யாரு வேணாம்னா? நானே பஸ் ஏத்தி விடுறேன். புளிக்காய்ச்சலுக்கு மட்டும் ஒரு வழியச் சொல்லிட்டுப் போ" என்றார்.

"அக்கா செய்யட்டும். பக்குவம் நான் சொல்லித் தாரேன்" என்றாள் பத்மாசினி.

மூலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ராதாமணியின் கை நின்றுவிட்டது. துளசிராம் சிரித்தார். "அவளா? அவ கை பட்டா பச்சத்தண்ணியே பூசணம் பூக்கும்."

"கையில ஒண்ணும் இல்லைங்க. உப்பை வறுத்து, பாட்டிலைக் காயவச்சு, ஈரம் படாமச் செஞ்சா யாரு செஞ்சாலும் கெடாது. வேணும்னா ஒருதடவை செஞ்சு பாக்கட்டும்."

ராஜாராம் அண்ணன் முகத்தையும் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒருவாட்டி பாத்துருவமேண்ணே" என்றான். அண்ணனுக்கு எதிரே அவன் அம்புட்டுப் பேசியதே பெரிசு. பத்மாசினி அதை மறக்கவில்லை.

துளசிராம் தீர்ப்புச் சொன்னார். ராதாமணியே புளி கரைத்து, அவளே கிண்டி இறக்கி, அவளே பத்து பாட்டிலில் ஊற்ற வேண்டும். பத்மாசினி எதையும் தொடக்கூடாது, வாசற்படியில் நின்று வாயால் சொல்லலாம். பதினைந்து நாள் கழித்து ஜூன் நாலாம் தேதி பாட்டிலைத் திறப்பது. பத்திலும் பூசணம் இல்லையென்றால் மறுநாள் பத்மாசினி வேலையில் சேரலாம். ஒரு பாட்டிலில் ஒரு பொட்டு இருந்தாலும் பேச்சை விட்டுவிட வேண்டும். பத்மாசினி உடனே சரி என்றாள். ஜெயிக்கிற பந்தயம் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும்.

மறுநாள் காலையில் ராதாமணி அடுப்பைப் பற்றவைத்தாள். பத்மாசினி படியில் நின்றுகொண்டாள். வாயால் சொல்லிச் செய்யவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை குறுகுறுத்தது. ஆனால் ராதாமணி நன்றாகவே செய்தாள். கடுகு வெடிக்கிற சத்தத்தை வைத்தே எண்ணெயின் சூட்டைக் கண்டுபிடித்தாள், சொல்லாமலேயே தீயைத் தணித்தாள். ஒன்றும் தெரியாதவள் செய்கிற வேலையாகத் தெரியவில்லையே என்று பத்மாசினிக்கு ஆச்சரியம்.

உப்பு போடும் நேரம் வந்ததும் ராதாமணி அப்படியே நின்றாள். வறுத்த உப்புக் கிண்ணம் அவள் கையில் கிடுகிடுவென்று ஆடியது.

"முதல் உப்பு மட்டும் நீ போட்டுரு பத்மா. எனக்குக் கை நடுங்குது."

"நான் தொடக்கூடாதுல்லக்கா."

"ஒரு சிட்டிகை. மிச்சத்தை நான் போட்டுக்கிறேன். ஆம்பளைக ரெண்டு பேரும் வெளியதான போயிருக்காக. கெட்டுப்போச்சுன்னா என்னையத்தான தின்னுருவாரு."

அவள் கண் கலங்கியிருந்தது. பத்மாசினிக்கு மனசு கேட்கவில்லை. விதைப்பானாலும், விளக்கு ஏற்றுவதானாலும், ராசியான கையைத் தொடங்கிவைக்கச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம்தானே, பயந்தவளுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஒரு சிட்டிகை உப்பு யார் போட்டாலும் ஒரு சிட்டிகை உப்புதான். படியைத் தாண்டி உள்ளே வந்து போட்டாள். திரும்பிப் போய்ப் படியில் நின்றாள்.

பத்து பாட்டிலும் கூடத்து அலமாரியில் வரிசையாக ஏறின. அதற்குப் பிறகு பதினைந்து நாள் பத்மாசினி வாழ்ந்தது அந்த அலமாரிக்கு முன்னால்தான். காலையில் எழுந்ததும் பார்ப்பாள், மத்தியானம் பார்ப்பாள், விளக்கு வைத்ததும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். நடுவில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து தையல் பயிற்சித் துணிகளை எடுத்தாள். காஜா, ஹெம்மிங், எம்ப்ராய்டரி என்று சதுரம் சதுரமாக வெட்டித் தைத்த துணிகள். ஊசியைப் பிடித்துப் பார்த்தாள், விரல் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முதல் நாள் என்ன சொல்லித் தருவது என்று அடுப்பில் நின்றபடியே யோசித்தாள். ஓடுதையல்தான், வேறென்ன. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் அந்தப் பதினைந்து நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பத்தாம் நாள் நாலாவது பாட்டிலில் வெள்ளையாக ஒரு பொட்டு. அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள், கையோடு வந்துவிட்டது. கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

நாலாம் தேதி காலையில் அனந்தராமனும் வந்துவிட்டார். இருநூறு பாட்டில் விஷயமாயிற்றே. துளசிராம் பாட்டில்களைத் தரையில் இறக்கி, ஒவ்வொன்றாக வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மூடியைத் திருகி, மோந்து பார்த்தார். முதலாவது சுத்தம். இரண்டாவது சுத்தம். பத்தும் சுத்தம். மேலே எண்ணெய் கண்ணாடி மாதிரி நின்றது. அனந்தராமன் ஒரு சொட்டு நாக்கில் விட்டுக் கண்ணை மூடி, "பேஷ்" என்றார். ராஜாராம் பத்மாசினியைப் பார்த்துச் சிரித்தேவிட்டான்.

துளசிராம் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "உண்மையச் சொல்லு. பத்மா எதையாச்சும் தொட்டாளா?" என்று கேட்டார்.

ராதாமணி தலையைக் குனிந்துகொண்டு, "முதல் உப்பு அவதான் போட்டா" என்றாள்.

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அனந்தராமன் தொடையைத் தட்டி, "அதானே பாத்தேன். முதல் உப்பு விழுந்தா அப்புறம் என்ன" என்றார். துளசிராம் முகம் மலர்ந்தது. தோற்ற மனுஷன் முகம் இல்லை அது, தொலைந்த பொருள் கிடைத்த மாதிரி இருந்தது. ஏமாற்றினாயே என்றுகூட அவர் பத்மாசினியைக் கேட்கவில்லை.

"ஒரு சிட்டிகைங்க. பத்து பாட்டிலுக்கும் சேத்து ஒரே ஒரு சிட்டிகை. மிச்சம் எல்லாம் அக்கா செஞ்சது" என்றாள் பத்மாசினி.

"அந்த ஒரு சிட்டிகை பத்து பாட்டிலைக் காப்பாத்தியிருக்கு பாரும்மா. இம்புட்டு ராசிய வச்சுக்கிட்டு நீ துணி தைக்கப் போறேங்குற."

அவளுக்குப் பதில் இருந்தது. நூறு பதில் இருந்தது. பாட்டில் கெட்டிருந்தால் ராதாமணியின் கை கெட்டது, கெடாததால் பத்மாசினியின் கை நல்லது, எப்படி விழுந்தாலும் அவள் அடுப்பில்தான் விழுவாள். இந்தக் கணக்கை யாரிடம் சொல்வது? இன்னொருதடவை செய்து காட்டலாம் என்றால் நாளைக்கு ஐந்தாம் தேதி.

"நான் நாளைக்குப் போறேன்" என்றாள். தன் குரல் இவ்வளவு மெலிசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

யாரும் தடுக்கவில்லை. துளசிராம் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த இருநூறு காலி பாட்டில்களையும் ஒருதடவை பார்த்தார். "சரிம்மா, போ. இவருகிட்ட இருநூறு பாட்டில் முடியாதுன்னு சொல்லிருவோம். பட்டறைய மூடலையா, அது மாதிரி இதையும் மூடிருவோம்" என்று மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, அந்த மனுஷன் நிஜமாகவே அழுதார். அனந்தராமன் தரையைப் பார்த்தார். ராஜாராம் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. அவளால் ஒரு எட்டு எடுத்துவைக்க முடியவில்லை.

கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ராதாமணி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பத்மாசினி போய் எதிரே நின்றாள்.

"சொல்லாம இருந்திருக்கலாமேக்கா. ஒரு பொய். எனக்காக ஒரே ஒரு பொய்."

ராதாமணி சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். கண்ணில் கலக்கம் ஒன்றும் இல்லை.

"நீ போனா அந்த அடுப்புக்கு முன்னால யாரு நிக்கிறது?"

ராதாமணி அடுத்த கரிச்சட்டியை இழுத்துக்கொண்டாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், உன்னைய மாதிரிதான் எல்லாம் நல்லா வந்துச்சு. எலுமிச்சங்கா ஊறுகா ஒரு ஜாடி போட்டேன், தெருவே பாராட்டுச்சு. அடுத்து நாலு ஜாடி போடச் சொன்னாக. அடுத்து எட்டு. எங்க அக்காளும் அப்படித்தான், கைராசி கைராசின்னு அவ மாமியா வீட்டுல அடுப்படியிலயே கெடந்து செத்தா. எனக்குத் திக்குன்னு ஆச்சு. எட்டு ஜாடியிலயும் ஈரக் கைய விட்டேன். எல்லாம் கெட்டு நூல் விட்டுப்போச்சு. ஒரு மாசம் ஏசுனாக, அப்புறம் ஒருத்தரும் என்னைய எதுக்கும் கூப்பிடல." கரிச்சட்டியைத் திருப்பி வைத்துத் தேய்த்தாள். "பதினாலு வருஷமா நிம்மதியா இருக்கேன். பத்து பாட்டிலைப் பாத்துட்டு இவுக எனக்கும் ராசி வந்துருச்சுன்னு சொல்லிட்டா நான் எங்க போறது?"

"அப்ப அன்னைக்கு அழுதது, கை நடுங்குனது…"

"நடுக்கம் நெசம்தான். கெட்டுருமோன்னு இல்ல. கெடாமப் போயிருமோன்னுதான். அதான் உன்னையப் போடச் சொன்னேன்."

திட்டலாம் என்றுதான் பத்மாசினி வந்தாள். திட்ட முடியவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தாள், நினைக்கவே பயமாக இருந்தது. "நானும் கெடுத்துட்டா?" என்று கேட்டாள்.

"ஒரு பாட்டிலு கெட்டா கண்ணு பட்டுருச்சும்பாக. பத்து கெட்டா சுத்திப் போடுவாக. இருநூறும் கெட்டாலும் என் நெழலு விழுந்துச்சுன்னுதான் சொல்லுவாக, உன்னையச் சொல்ல மாட்டாக. கெடுக்குறதுன்னா முதல் வருஷமே கெடுத்துருக்கணும் பத்மா. பதினோரு வருஷம் ஆயிப்போச்சு."

ராதாமணி பாத்திரங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராஜாராம் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் நல்லவன். அவள் சாப்பிடவில்லை என்று கவனித்து ஒரு டம்ளர் மோரும் கொண்டுவந்திருந்தான்.

"எக்ஸ்சேஞ்ச் ஆபீஸ்ல தெரிஞ்சவர்கிட்டக் கேட்டேன். சேர முடியலேன்னா சும்மா விட்டுறக் கூடாதாம். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா நல்லதாம், பின்னால இன்னொரு ஆர்டர் வந்தாலும் வருமாம். உன் கையால எழுது பத்மா. ராசியான கை, ஏதாச்சும் நல்லது நடக்கும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, மனசாரத்தான் சொல்கிறான்.

"என்ன எழுதணும்?"

"எனக்கு இந்தப் பணியில் சேர விருப்பமில்லை, இதை என் சொந்த விருப்பத்தின் பேரில் தெரிவிச்சுக்கிறேன்னு எழுதணும்."

"யாரோட சொந்த விருப்பம்?"

"அப்படித்தான் எழுதுறதாம்" என்றான் ராஜாராம், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அவள் தாளை மடியில் பலகை வைத்து விரித்துக்கொண்டாள். ஒரு வரி கோணட்டும் என்று நினைத்தாள். ஒரு எழுத்தாவது விட்டுப்போகட்டும், மை கொட்டட்டும், யாராவது அதிகாரி படித்துப் பார்த்து இது விருப்பமில்லாமல் எழுதியது என்று சந்தேகப்படட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தபோது ஒரு பிழையும் இல்லை.